நோயாளர் பராமரிப்பு: எவருடைய கடமை?

வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் நோயாளிக்கு உணவூட்டுவதும், வாய் கழுவுவதும், மலசலங் கழிக்க உதவுவதும், உடல் துடைத்துப் புரட்டிக் கிடத்துவதும் எவருடைய கடமை? இவ்வினாவுக்கு நாம் அடிக்கடி கேட்கும் விடை, “அது என் வேலையன்று” என்பதே. வைத்தியர் தாதியைச் சுட்டுவார்; தாதி சிற்றூழியரைச் சுட்டுவார்; சிற்றூழியர் துணைக்கு நிற்கும் உறவினரைச் சுட்டுவார். மருத்துவ மாணவரோ குறிப்பேட்டுடன் அடுத்த கட்டிலுக்கு நகர்வார். பிள்ளைகளைக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிவிட்டுச் சுன்னாகத்திலே தனித்து வாழும் முதியவள் நோயுற்று வந்தால், அவள் எவரைச் சுட்டுவாள்?

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நான்காமவனை அவர் மருத்துவனின் ஏவலாளாக வைத்தாரல்லர்; மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்தார். குறளை மேடைதோறும் முழங்கும் நாம் அந்நான்காங் கூற்றைச் சம்பளப் படியின் அடித்தட்டிற்குத் தள்ளிவிட்டோம்.

இதற்கு வேலைப்பளு மட்டும் காரணமன்று. பிறர் அழுக்கைத் தொடுதல் இழிவென்றும், அதற்கெனவே பிறந்தோர் உளர் என்றும் யாழ்ப்பாணச் சமூகம் நெடுங்காலம் நம்பிற்று. அந்நம்பிக்கையை இன்று வெளிப்படையாக உரைக்கப் பலர் நாணுவர். ஆயின் சாதிப் படிநிலை பதவிப் படிநிலையாக வேடம் மாறி, நோயாளர் விடுதியில் இன்றும் உலவுகின்றது.

உடலைப் பேணுதல் அறிவுக்குப் புறம்பான பணியெனக் கருதுவோர் மருத்துவத்தையே அறியாதவராவர். புரட்டிக் கிடத்துபவரே முதுகடியிற் படுக்கைப்புண்ணின் முதற் சிவப்பைக் காண்பார். மலக்கலத்தை எடுப்பவரே மலத்தின் கருநிறத்தைக் கண்டு உள்ளே குருதி கசிகின்றதோ என ஐயுறுவார். உணவூட்டுபவரே விழுங்குதலின் தடையை உணர்வார். படுக்கைப்புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றமே என்று புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் எழுதியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இப்பணியை எல்லோரும் பகிர்ந்தால் வைத்தியரின் அரிய நேரம் வீணாகும் என்பர் சிலர். அறுவைச் சிகிச்சை நிபுணர் நாள் முழுதும் மலக்கலம் ஏந்தவேண்டுமென எவரும் கேட்கவில்லை. தம் எதிரே தண்ணீருக்குக் கைநீட்டும் நோயாளியைக் கடந்து செல்லாதிருக்கவே கேட்கின்றோம். மாணவரைக் கொண்டு ஆளணிக் குறையை மறைக்க நிருவாகம் முயலும் என்பது வேறொரு தடை. இவ்வச்சம் நியாயமானதே. வெற்றிடங்களை நிரப்புவது அரசின் கடமை; மாணவர் கூலியில்லாச் சிற்றூழியரல்லர். ஆயினும் ஆள் குறைவு என்பது அருகில் நிற்பவர் கைகட்டி நிற்பதற்கு நியாயமாகாது.

எமது மண்ணின் மருத்துவ வரலாறு இளையதன்று. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848இல் மானிப்பாயிற் பணி தொடங்கி, பின்னர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தார். சுன்னாகத்துக்கு அயலிலுள்ள இணுவிலில் 1898இல் மகளிருக்கென மருத்துவமனை எழுந்தது. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் அமைந்தது. 1987 ஒக்டோபர் 21ஆந் திகதி இந்திய இராணுவத்தினர் யாழ்ப்பாண வைத்தியசாலையுட் புகுந்து சுட்டபோது, வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் நோயாளரும் ஒருங்கே மாண்டனர். அவர்களை ஒருங்கே நினைவுகூரும் நாம், ஒருங்கே பணிசெய்ய ஏன் கூசுகின்றோம்?

செய்யவேண்டியது அரிதன்று. மாணவர் நோயாளர் விடுதிக்குள் நுழையும் முதல் வாரங்களிலேயே தாதியரிடமும் சிற்றூழியரிடமும் இப்பணிகளை முறையாகக் கற்கவேண்டும். பயிற்சியின்றி ஊட்டுதல் புரையேற்றும், பயிற்சியின்றித் தூக்குதல் இருவரையும் வருத்தும். இத்திறனைத் தேர்விற் கணிக்கவேண்டும். கற்பித்த சிற்றூழியரை ஆசிரியராக மதிக்கவேண்டும். நோயாளியின் அழைப்பை முதலிற் கேட்டவரே முதலில் உதவவேண்டும். இயலாதவர் இயன்றவரை அழைத்துவந்த பின்னரே அகலவேண்டும். பேராசிரியர் இதனைத் தாமே செய்துகாட்டாதவரை மாணவர் செய்யார்.

வாய்பாடு போல் ஒப்பித்துவரும் “என் வேலையன்று” என்னும் சொல்லை, வெள்ளை மேலாடை அணியும் முதல் நாளிலேயே மாணவர் துறப்பாராக.