அம்படவே கொடுத்த பெயர்: ஊர்ப்பெயரில் நமக்கும் பங்குண்டு

கடந்த 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் பகுதியைக் குறிக்கும் இழிசொல்லாகிவிட்ட ‘காலனி’ என்ற சொல், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில் குடியிருப்புகள், தெருக்கள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை வந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் வந்தது.

காலனிக்குப் புதிதாக என்ன பெயர் வைப்பது என்பதுதான் இப்போது பேச்சு. பூவின் பெயர் வைக்கலாம் என்கிறார் ஒருவர். தலைவர் பெயர் வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் தவறில்லை. ஆனால், முடிவெடுக்கும் முன் ஒரு சிற்றூரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. கொங்கணக் கரையோரம் இருக்கும் அந்த ஊரின் பெயர் ஒரு சிறுவனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, இன்று நம் தெருமுனை வரை வந்து நிற்கிறது.

சக்பால் வீட்டுப் பிள்ளை

மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டம், மண்டன்கட் வட்டத்தில் உள்ளது அம்படவே. ராணுவத்தில் சுபேதாராக இருந்த ராம்ஜி மாலோஜி சக்பாலின் பூர்வீகம் அது. அவருடைய மகன் பீம்ராவ் பிறந்தது 1891 ஏப்ரல் 14இல், மத்தியப் பிரதேசத்தின் மாவ் ராணுவக் குடியிருப்பில்.

மராத்தியில் ஊர்ப்பெயரோடு ‘கர்’ சேர்த்தால் ‘அந்த ஊர்க்காரர்’ என்று பொருள். கோலாப்பூர்க்காரர் கோலாப்பூர்கர், சதாராக்காரர் சதார்கர். அப்படித்தான் அம்படவே ஊர்க்காரர் அம்படவேகர். அதுவே அம்பேத்கர் ஆனது. சதாரா அரசுப் பள்ளியில் 1900 நவம்பர் 7 அன்று சேர்ந்தபோது பதிவேட்டில் ஏறிய பெயர் ‘பீவா ராம்ஜி அம்பேத்கர்’. அந்த நாளைத்தான் மகாராஷ்டிர அரசு 2017 முதல் மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது.

‘அம்பேத்கர்’ என்ற குடும்பப் பெயர் கொண்ட பிராமண ஆசிரியர் ஒருவர் மாணவன் மீது கொண்ட அன்பால் தன் பெயரையே கொடுத்தார் என்ற கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலும் அது உண்டு. அப்படி இல்லை, தந்தை ராம்ஜியே அந்தப் பெயரில் பதிந்தார் என்று மறுப்பவர்களும் உண்டு. வழக்கு எப்படி இருந்தாலும், அம்படவேகர் என்ற பெயருக்குப் பையனின் ஊரான அம்படவேதான் அடி. சக்பால் என்ற குடும்பப் பெயர் பின்னே போனது; ஊர்ப்பெயர் முன்னே வந்தது.

எல்லையைக் காத்தவருக்கு எல்லைக்குள் இடமில்லை

இந்தப் பெயரின் கனம் புரிய வேண்டுமென்றால், மகர் மக்கள் அங்கே எங்கே வாழ்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மராத்திய கிராமங்களில் அவர்களுடைய குடியிருப்பு ‘மகர்வாடா’. அது ஊருக்கு வெளியே இருந்தது. ஊரின் எல்லையைக் காப்பது, அரசாங்க ஓலையைச் சுமந்து செல்வது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. எல்லைத் தகராறு வந்தால் மகர் சொல்லும் சாட்சிக்கு மதிப்பிருந்தது. ஊரின் எல்லையை நன்றாக அறிந்தவருக்கு எல்லைக்குள் வீடு கட்ட மட்டும் உரிமை இல்லை.

அப்படிப்பட்ட குடும்பத்தின் பிள்ளை ‘நான் மகர்வாடாக்காரன்’ என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. ஊர் முழுவதற்கும் உரிய பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். ஊர் கொடுக்காத பங்கைப் பெயரில் எடுத்துக்கொண்டார் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அதே அம்பேத்கர்தான் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் இந்திய கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடம் என்று பேசினார். கிராமத்தின் மீது அவருக்கு மயக்கம் இருந்ததில்லை. ஆனாலும் கடைசி வரை ஒரு கிராமத்தின் பெயரைத் தாங்கித்தான் கையெழுத்திட்டார். இதில் முரண் எதுவும் இல்லை. ஊர் நடந்துகொள்ளும் முறையை எதிர்ப்பதும், ஊர் எனக்கும் உரியது என்று சொல்வதும் ஒரே போராட்டம்தான்.

கோவாவிலும் இதுபோல ஒன்று நடந்தது. மங்கேசி கோயிலில் தேவதாசியாக இருந்தவரின் மகன் தீனாநாத். தந்தை வழிக் குடும்பப் பெயரை விட்டு, ஊரின் பெயரால் மங்கேஷ்கர் ஆனார். அவருடைய மகள்தான் பாடகி லதா மங்கேஷ்கர். சாதி ஏணியில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஊர்ப்பெயர் எப்படிக் கைகொடுத்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பெயர் மட்டும் காப்பாற்றுமா?

காப்பாற்றவில்லை. 1901இல் தந்தையைப் பார்க்க ரயிலில் போன சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். உடுப்பு நன்றாக இருந்ததால் நிலைய அதிகாரி அன்பாக விசாரிக்கிறார். ‘நீங்கள் யார்?’ என்ற கேள்விக்கு, ‘நாங்கள் மகர்கள்’ என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் அம்பேத்கரே எழுதியிருக்கிறார். பள்ளிப் பதிவேட்டில் ‘அம்பேத்கர்’ என்று ஏறி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ஆக, பெயர் ஒரு கதவைத் திறக்கும். உள்ளே விடுவதா என்று முடிவு செய்பவர்கள் வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர்களுக்கு வருவோம்.

நம் ஊரில் தெருதான் குடும்பப் பெயர்

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. நம் வழக்கம் முதலெழுத்துதான். அதிலும் ஊருக்கு இடம் உண்டு. ஈ.வெ.ரா.வின் ‘ஈ’ ஈரோடு. சி.என்.அண்ணாதுரையின் ‘சி’, ஆங்கிலேயர் வழக்கில் காஞ்சிபுரம்.

இன்னும் பின்னால் போனால், ‘பூங்குன்றனார்’ என்ற பெயரே பூங்குன்றம் என்ற ஊரிலிருந்து வந்தது. சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் அந்த ஊர் என்பார்கள். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று சங்கப் புலவர் பட்டியலில் ஊர்ப்பெயர்கள் நிறைய. ‘கிழார்’ என்றால் உரியவர் என்று பொருள். ஊரில் உரிமை உள்ளவருக்கு ஊர்ப்பெயர் வந்தது. உரிமை மறுக்கப்பட்டவருக்கு என்ன பெயர் வந்தது? ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு விடை சொல்கிறது. வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும், பறைச்சேரியைத் தனியாகவும் அது குறிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் நாம் இல்லை.

சாதிப் பட்டத்தை விட்டுவிட்டோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால், புதிதாக அறிமுகமாகும் ஒருவர் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். ‘எந்த ஊரு தம்பி?’ என்பதோடு அது நிற்பதில்லை. ‘ஊர்ல எந்தத் தெரு?’ என்று அடுத்த கேள்வி வரும். அந்த இரண்டாவது கேள்விதான் நம் ஊரின் குடும்பப் பெயர்.

சொல் எப்படிக் கறைபடுகிறது?

‘சேரி’ என்ற சொல் தொடக்கத்தில் இழிசொல் கிடையாது. 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டில் பிராமணர் ஊரின் பகுதிகளும் சேரி என்றே குறிக்கப்படுகின்றன. ‘காலனி’யும் அப்படித்தான். நகரத்தில் ரயில்வே காலனி, பேங்க் காலனி என்றால் கௌரவம். கிராமத்தில் ‘காலனிக்காரன்’ என்றால் வசை. சொல்லில் குற்றம் இல்லை. அங்கே வாழ்பவரை ஊர் எப்படிப் பார்க்கிறதோ, அந்தப் பார்வை சொல்லின் மீது படிகிறது.

அப்படியானால் நாளை வைக்கப்போகும் புதுப் பெயருக்கு என்ன நடக்கும்? பல ஊர்களில் ‘அம்பேத்கர் நகர்’, ‘அம்பேத்கர் தெரு’ என்ற பெயர்கள் நம் குடியிருப்புகளுக்கு மட்டுமே இருக்கின்றன. விண்ணப்பத்தில் அந்த முகவரியைப் பார்த்ததுமே சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கீழத்தெரு, தெற்குத்தெரு போன்ற திசைப் பெயர்கள் கூட சில ஊர்களில் அப்படி ஆகிவிட்டன. ஊர் முழுவதற்கும் உரிய பெயரை ஏந்தியவரின் பெயரையே நாம் ஊருக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறோம். மகாராஷ்டிர அரசும் 2020 டிசம்பரில் மகர்வாடா போன்ற சாதிப் பெயர்களை நீக்கி, சமதா நகர், பீம் நகர் போன்ற பெயர்களை வைக்க முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் அங்கும் இதே ஆபத்து இருக்கிறது.

பொது இடத்துக்கு இந்தப் பெயர் வரும்போது நடப்பதையும் பார்த்திருக்கிறோம். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் சூட்ட 1978இல் தீர்மானம் வந்ததும் தலித் குடியிருப்புகள் எரிந்தன. பெயர் வந்துசேர 1994 ஆனது. ஆந்திரத்தில் கோனசீமா மாவட்டத்தோடு அவர் பெயரைச் சேர்த்ததற்கு எதிராக 2022 மே மாதம் அமலாபுரத்தில் அமைச்சர் வீட்டுக்கே தீ வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் வந்தது. முடிவில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையுமே மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. காலனிக்கு அம்பேத்கர் பெயர் வைத்தால் யாரும் கோபப்படுவதில்லை. பொதுவுக்கு வைத்தால்தான் கோபம் வருகிறது. பெயரில் அல்ல, பங்கில்தான் சிக்கல் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

செய்ய வேண்டியது

என் கருத்து இதுதான். ‘காலனி’யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தனிப்பெயரை வைப்பதோடு நிற்கக் கூடாது. ஊரின் பெயரே நம் குடியிருப்பின் பெயராகவும் இருக்க வேண்டும். ஊர் ஒன்று, பெயர் ஒன்று. அதற்குள் தெருக்களுக்கு எண்களோ பெயர்களோ தொடர் வரிசையில் வரட்டும். அம்பேத்கர் பெயரை ஊர் நடுவில் உள்ள சாலைக்கும் நூலகத்துக்கும் பள்ளிக்கும் கேட்போம்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, முகவரியில் பெயர் கலந்தாலும், திட்ட ஒதுக்கீட்டுக்கான கணக்கு கலந்துவிடக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2024இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. எந்தக் குடியிருப்பில் எத்தனை பட்டியல் சாதிக் குடும்பங்கள் என்ற விவரம் அலுவலகக் கோப்பில் தனியாக இருக்க வேண்டும். அதை வீட்டு முகவரியில் எழுதி நெற்றியில் ஒட்டத் தேவையில்லை.

இரண்டாவது, பட்டா, ரேஷன் அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி மாற வேண்டும். ஒன்றில் பழைய பெயரும் இன்னொன்றில் புதிய பெயரும் இருந்தால், கல்லூரிச் சேர்க்கையிலும் உதவித்தொகையிலும் மாணவர்கள்தான் அலைவார்கள். ஊருக்கே வந்து முகாம் போட்டு, கட்டணம் இல்லாமல் மாற்றித் தர வேண்டும் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, பெயரை முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்கள். தாத்தா காலத்துப் பெயர் ஒன்றை மக்கள் பெருமையோடு வைத்திருந்தால், அதை மேலிருந்து வரும் பட்டியல் அழிக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுத்து மூலம் பொருளைக் கொடுங்கள். படித்த பிள்ளைகள் தீர்மானத்தை எழுதித் தாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். சிலர் எதிர்ப்பார்கள். ‘உங்க ஊருக்கு நாங்க வரலை, எங்க ஊரு பேரைத்தான் கேக்குறோம்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப்பெயர்கள் நாட்டுக்குத் தெரிய வந்த விதத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 44 பேர் எரிக்கப்பட்டதால் 1968இல் வெண்மணி தெரிந்தது. ஊராட்சித் தலைவரே வெட்டிக் கொல்லப்பட்டதால் 1997இல் மேலவளவு தெரிந்தது. குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதால் 2022இல் வேங்கைவயல் தெரிந்தது. அம்படவே தெரிந்த விதம் வேறு. அந்த ஊர் ஒதுக்கி வைத்த சமூகத்தின் பிள்ளை ஒருவர் அதன் பெயரைச் சுமந்துகொண்டு படித்தார். 2022 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அந்தச் சிற்றூரைத் தேடிப் போனார். நம் ஊர்களும் நம் பிள்ளைகளின் படிப்பால் வெளியே தெரிய வேண்டும் என்றால், அந்தப் பிள்ளைகளின் முகவரியில் முதலில் ஊரின் பெயர் இருக்க வேண்டும்.