வாங்க முடிந்தவர் கட்டட்டும் என்றால்?

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பத்திரப்பதிவில் சலுகை கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: வீடு வாங்க வசதி உள்ளவருக்குச் சலுகை எதற்கு, கொடுத்தால் உறவினர்கள் அவர்கள் பெயரில் வாங்கிக் குவிப்பார்கள்.

1. வசதியா? லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வீட்டை விற்று, முட்டி தேய்ந்த அம்மா தரைத்தளத்தில் ஒரு பழைய வீடு வாங்குகிறார். கையில் கூடுதலாக ஒரு ரூபாய் சேரவில்லை. தமிழ்நாட்டில் 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%: மொத்தம் 3,60,000 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இதற்குக் கடன் யார் தருவார்? மருத்துவத்துக்கு வைத்த பணம்தான் போகும்.

2. அதே அம்மா வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதினால்? தீர்வை 1%, உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. கொடுத்துவிட்டால் அரை லட்சத்துக்குள் முடிகிறது. தான் குடியிருக்க வாங்கினால் மூன்றரை லட்சத்துக்கு மேல். இது என்ன நியாயம்? எழுதிக்கொடுத்தபின் கைவிடப்பட்ட பெற்றோருக்காக 2007-லேயே தனிச் சட்டம் போட வேண்டிவந்த நாடு இது. சொத்து அவர்கள் பெயரிலேயே இருப்பதற்கல்லவா அரசு கைகொடுக்க வேண்டும்!

3. முறைகேடு பயமா? பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைப்பு உண்டு. அதே பயம் அங்கே தடுக்கவில்லை. வரம்பு வைத்தார்கள், கொடுத்தார்கள். இங்கும் வையுங்கள்: ஒரே வீடு, சொந்தக் குடியிருப்பு, ஐந்தாண்டு விற்கத் தடை. மீறினால் தள்ளுபடியை வட்டியோடு வசூலியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஆதாரும் சார்பதிவாளர் மேசையிலேயே சரிபார்க்கக்கூடியவைதானே?