பூ வந்தது, பாலம் இல்லை

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வியாபாரத்தை நம்பி யாரும் முதல் போடுவதில்லை. மூணாறில் போடுவார்கள். 2006-ல் பூத்த நீலக்குறிஞ்சி 2018-ல் மறுபடி பூக்கும் என்பது அங்கே சிறுவனுக்கும் தெரிந்த கணக்கு. ஆறு அறை லாட்ஜ்காரர், ஜீப் ஓட்டுநர், ஏலக்காயும் சாக்லெட்டும் விற்கும் கடைக்காரர் என்று எல்லோருமே அந்த ஆகஸ்டுக்காகக் காத்திருந்தார்கள்.

வந்தது மழை. ஆகஸ்ட் 9-ம் தேதி, 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணி அணையின் ஷட்டர் உயர்த்தப்பட்டது. சில நாட்களில் மூணாறு-மறையூர் சாலையிலிருந்த பெரியவாரை பாலம் போய்விட்டது. குறிஞ்சி பூக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு மூணாறிலிருந்து செல்லும் வழி அதுதான்; உடுமலைப்பேட்டையிலிருந்து வரும் தமிழக வண்டிகளுக்கும் அதுதான். மலையில் பூ சொன்ன சொல் தவறாமல் மலர்ந்தது. பார்க்கத்தான் ஆள் குறைவு. குழாய்களைப் போட்டு அமைத்த தற்காலிகப் பாலத்தையும் நவம்பரில் கஜா புயல் மழை இழுத்துச் சென்றது.

ஊருக்கு இது புதிதல்ல. 1924 வெள்ளத்தில் மூணாறு-டாப் ஸ்டேஷன் ரயில் பாதையே அழிந்தது. ரயில் திரும்ப வரவே இல்லை. ஆனால் அன்று நஷ்டப்பட்டவை தேயிலை கம்பெனிகள். 2018-ல் அடி விழுந்தது சின்ன முதலாளிகள் மீது. பெரிய ஹோட்டல் ஒரு சீசனை இழந்தாலும் தாங்கும். கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அறை காலியாக இருந்தாலும் வாடகை உண்டு.

இன்னொரு தலைவலி பட்டா. 1964 நில ஒதுக்கீட்டு விதிகள்படி தரப்பட்ட நிலம் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் உரியது. லாட்ஜுக்கு அல்ல. 2007-ல் அச்சுதானந்தன் அரசு ஜேசிபிகளை அனுப்பியபோது இந்த வித்தியாசம் எல்லோருக்கும் புரிந்தது. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் சில அறைகளை விடும் ஹோம் ஸ்டேக்காரர்கள் ஓரளவு மூச்சுவிடலாம். மற்றவர்களின் பத்திரத்தைப் பார்த்தாலே வங்கி மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். இத்தகைய கட்டடங்களை முறைப்படுத்த வழிசெய்யும் திருத்த மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2023 செப்டம்பரில் நிறைவேற்றியது. கவர்னரின் ஒப்புதல் 2024 ஏப்ரலில்தான் கிடைத்தது. பசுமை ஆர்வலர்களுக்கு இதில் கோபம். சரிவில் ஏழு மாடி எழுப்பியவருக்கும் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் நாலு அறை போட்டவருக்கும் ஒரே கதவைத் திறப்பதா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த குறிஞ்சி 2030-ல்.