ஆலையிலிருந்து மீட்ட குழந்தைக்கு வீட்டிலே நஞ்சா?

பட்டாசுத் தொழிலில் குழந்தை உழைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கிலே, சட்டத்தை மீறும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகிழ்ந்தோம். ஆனால் தோழர்களே, மீட்ட குழந்தை எங்கே மூச்சு விடுகிறது என்று பார்த்தோமா?

ஒற்றை அறை. சிலிண்டர் தீர்ந்த நாளில் விறகடுப்பு. நடுவிலே தாய் உருட்டி ஒட்டும் காகிதக் குழாய். பக்கத்தில் பசைச் சட்டி. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காக்கிறது. ஈரச் சுவர், காகிதம், மாவுப் பசை! பூசணத்துக்கு இதைவிட விருந்து வேண்டுமா? அதன் நுண்துகள் காற்றில் மிதக்கிறது. பெரியவரைவிட வேகமாக மூச்சு வாங்கும் பிள்ளை அதை உள்ளே இழுக்கிறது. இருமலும் இளைப்பும் வந்தால், மழைக்காலச் சளி என்று கஷாயம் கொடுத்துத் தேற்றுகிறோம்!

ஓதமும் பூசணமும் மூச்சுநோயைப் பெருக்கும் என உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எச்சரித்தது. அடுப்புப் புகையால் கெட்ட வீட்டுக் காற்று, 2020-ல் உலகெங்கும் ஐந்து வயது நிரம்பாத 2,37,000 குழந்தைகளுக்கு மேல் பலிகொண்டது என்பதும் அதன் கணக்கே.

சன்னலைத் திற என்று தாய்க்குப் புத்தி சொன்னால் போதுமா? சன்னலே இல்லாத வீட்டில் எதைத் திறப்பாள்? தொழிலாளி வீட்டைப் பட்டறையாக்கி, வாடகையின்றி லாபம் காண்பவர் யார்?

கூலி உயர்வு கேட்கும் அதே குரலில் கேட்போம்: ஒட்டு வேலைக்குத் தெருவுக்கொரு பொதுக்கூடம்! குடியிருப்புக்கு ஒழுகாத கூரை, எதிரெதிர்ச் சன்னல்! நல்ல காற்றும் நம் கூலியில் ஒரு பங்கே!