பறக்கும் படகும் தேசக் கொடியும்

அமெரிக்கா கோப்பைப் பாய்ப்படகுப் பந்தயத்தில் இக்காலத்துப் படகுகள் ஓடும் வேகம் கண்டு பிரமிக்காதவர் இரார். நீருக்குள் ஆழ்ந்திருக்கும் சிறு இறக்கை, ஆகாய விமானத்தின் இறக்கையைப் போன்றே, ஓட்டத்தின் வேகத்தால் படகை மேலே தூக்கிவிடுகிறது. உடற்பாகம் நீரைவிட்டு எழுந்தபின் தடை வெகு சொற்பம். ஓட்டத்தினால் எதிர்ப்படும் காற்றும் பாய்க்குப் பலன் தருவதால், வீசும் காற்றையே படகு முந்திவிடுகிறது; 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 92 கிலோமீட்டர் வேகமும் கண்டாயிற்று. யந்திரமின்றி இது நடப்பதே விந்தை.

2013-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் 8-1 என்று பின்தங்கிய அமெரிக்கப் படகு, தொடர்ந்து எட்டு ஓட்டங்களில் வென்று, நியூஸீலந்தாரை 9-8 என்று தோற்கடித்தது. அமெரிக்கர் தேசத்தின் வெற்றியென்று கொண்டாடினர். ஆனால் அப்படகின் தலைவர் ஸ்பிட்ஹில் ஆஸ்திரேலியர்; இறுதி ஓட்டங்களில் உபாயம் வகுத்த எயின்ஸ்லி ஆங்கிலேயர். பிற தேசத்தாரின் திறமையை நாம் குறைகூறவில்லை. அன்னிய தேசங்களுக்கிடையே நட்புப் போட்டி நடக்கவேண்டுமென்பதே கோப்பையை அளித்தவர்களின் சாஸனம். தனவந்தர் வல்லவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டு பாயின்மேல் ஒரு கொடியை எழுதிவிட்டால் அது தேசத்தின் படகாகிவிடுமா?

பின்னர் விதிகள் இறுக்கப்பட்டன. 2024-ல் பார்சிலோனாப் பந்தயத்திற்கு, மாலுமிகள் அந்தந்த தேசத்துப் பிரஜைகளாகவோ அங்கு வசித்தவர்களாகவோ இருக்கவேண்டுமென்று பொதுவில் நிபந்தனை ஏற்பட்டது. அந்த வருஷம் இத்தாலியப் படகின் இரு சுக்கான்களில் ஒன்றைப் பிடித்தவர், விதி எதையும் மீறாமலே, அதே ஸ்பிட்ஹில்தான்.