ஒரு பக்கெட் காவிரி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் துடைப்பது என்பது எனக்கு ஒரு பூஜை மாதிரி. வீட்டம்மா அதை 'சின்ன வீடு' என்பார். அது கிடக்கட்டும் :-)

வண்டி அப்பாவுடையது. எஸ்டி ரோட்கிங். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்தது. 1961-ல் ஜாவா செய்ய ஆரம்பித்த அந்த ஃபேக்டரி 1996-ல் மூடிவிட்டது. கர்நாடகாவில் பிறந்து, தஞ்சாவூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு, என் டிரான்ஸ்ஃபரோடு மறுபடி கர்நாடகாவுக்கே வந்து சேர்ந்த வண்டி. நம்மைப் போலவே அதற்கும் எது சொந்த ஊர் என்று சொல்வது கஷ்டம்.

ஊரில் அப்பா அதைக் குடமுருட்டி ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவார். மாடு குளிப்பாட்டும் துறையிலேயே இதுக்கும் குளியல். தண்ணீரை வாளி வாளியாக வாரி ஊற்றுவார். கணக்கு யார் பார்த்தது? ஆயிலும் சோப்பும் அடுத்த ஊருக்குப் போகிறதே என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

அந்தப் பழக்கத்தில்தான் இங்கே அபார்ட்மெண்டிலும் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 2024 மார்ச்சில் ஒரு ஞாயிறு. எதிர் வீட்டுக் கன்னடக்காரர் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவருடைய தமிழில் சொன்னார்: "சார், நம்ம ரெண்டு ஊரும் சண்டை போட்டு வாங்கின தண்ணி இது."

அவ்வளவுதான் சொன்னார். பைப்பை மூடிவிட்டேன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். இவரிடம் முடியாது. 2016 செப்டம்பர் 12 ஞாபகம் இருக்கிறதா? சுப்ரீம் கோர்ட் தண்ணீர் விடச் சொன்னதற்காக இந்த ஊரில் தமிழ்நாட்டு நம்பர் பஸ்களும் லாரிகளும் எரிந்த நாள். அன்றைக்குத் தன் காரை எடுத்து என் டிஎன் நம்பர் பிளேட்டை மறைத்து நிறுத்தியவர் இவர்தான். வண்டி மேல் பழைய பெட்ஷீட் போட்டு, தூசி நன்றாகப் படியட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே வாரம் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பி.காம் படித்தவன், கணக்குப் போடாமல் தூக்கம் வராது. மறுநாள் ஹோஸைப் பக்கெட்டில் விட்டுப் பார்த்தேன். 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்தில் நிறைந்துவிட்டது. பத்து நிமிஷம் கழுவினால் 150 லிட்டர்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தொரேகாடனஹள்ளியில் சுத்தம் செய்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம், மூன்று கட்டமாக பம்ப் அடித்து ஏற்றுகிறார்கள். 2018 பிப்ரவரி தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 192 டிஎம்சியில் இருந்து 177.25 ஆனது. குறைந்த 14.75-ல் 4.75 டிஎம்சி பெங்களூரு குடிப்பதற்கென்றே கொடுத்தது. குடிக்கத்தான் கொடுத்தார்கள் சாமி, பைக் குளிப்பாட்ட இல்லை. லெட்ஜரில் பற்று எழுதியது என் மாமா வயலில். வரவு வைத்தது என் பாத்ரூம் குழாயில். ரெண்டு பக்கத்திலும் நம் வீட்டுப் பேர்தான் இருக்கிறது.

ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,831 கோடி லிட்டர், உன் 150 லிட்டர் எந்த மூலைக்கு என்று கேட்கலாம். நியாயம்தான். பைப் லீக்கேஜில் போவதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பேங்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் கேஷியர் வீட்டுக்குப் போக முடியாது. சின்னத் தொகை என்று யாரும் விடுவதில்லை. அந்த மார்ச்சில் குடிநீர் வாரியமும் அப்படி விடவில்லை. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. 2025 பிப்ரவரியில் அதே உத்தரவு மறுபடியும் வந்தது. எனக்கு அபராதத்தைவிட எதிர் வீட்டுக்காரர் சொன்னதுதான் உறைத்தது.

இன்னொரு உண்மையும் சொல்கிறேன். குறைந்த தண்ணீரில்தான் வண்டி நன்றாக இருக்கிறது! பிரஷர் தண்ணீர் அடித்தால் வீல் பேரிங்கில் கிரீஸ் போகும், டிரம் பிரேக்கில் தண்ணீர் இறங்கும். இப்போது என் முறை இதுதான்:

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், நிழலில் நிறுத்த வேண்டும். காய்ந்த தூசியை அப்படியே தேய்த்தால் பெயிண்டில் கோடு விழும். நனைத்த துணியை டேங்க் மேல் அஞ்சு நிமிஷம் போட்டு ஊற வைப்பேன். அரை பக்கெட்டில் ஒரு மூடி வண்டி ஷாம்பு, இன்னொரு அரை பக்கெட்டில் வெறும் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம், மெழுகுப் பாலிஷை உரித்துவிடும். மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். டேங்குக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு வேறு துணி. மட்கார்டுக்கும் டயருக்கும் வாஷிங் மெஷின் கடைசி அலசல் தண்ணீர் போதும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரும் ஆகும், ஆனால் உடனே துடைக்காவிட்டால் குரோமில் வெள்ளைத் திட்டு விழும். கடைசியில் மெழுகுப் பாலிஷை மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் பழைய பனியனால் துடைத்தால் முகம் பார்க்கலாம். சீட்டிலும் டயரிலும் பாலிஷ் போட்டுவிடாதீர்கள், வழுக்கும். செயின் வெளியே தெரியும் வண்டியென்றால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அழுக்கைப் பேப்பரில் பிடியுங்கள். சாக்கடையில் விட்டால் அது ஏதாவது ஒரு ஏரிக்குத்தான் போகும்.

மொத்தம் 15 லிட்டர். ஒரே பக்கெட்.

ஆயுத பூஜை நம் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. போன தடவை எதிர் வீட்டுக்காரரும் நானும் ஒரே பக்கெட்டைப் பகிர்ந்து இரண்டு வண்டியையும் துடைத்தோம். அவர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார், நான் சந்தனம் குழைத்தேன். டிரிபியூனல், கோர்ட் என்று பெரியவர்கள் பங்கு பிரித்துக்கொண்டிருக்கட்டும். எங்கள் பார்க்கிங்கில் பங்கு பிரித்தாகிவிட்டது. ஆளுக்கு அரை பக்கெட்.

உங்கள் வீட்டில் எத்தனை பக்கெட் ஆகிறது? வரும் ஞாயிறு ஒரு தடவை அளந்துதான் பாருங்களேன்.