மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்

“மலைக்கோட்டையை விட்டா நமக்கு ஏது சார் மலை? அங்கேயும் படிக்கட்டுதானே! இதுல மவுண்டன் பைக் எதுக்கு?”

ஜீயபுரத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சிரிப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் விடியற்காலையில் கரூர் ரோட்டில் நின்று பாருங்கள். தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள்கள் முக்கொம்பு பக்கம் போய்க்கொண்டிருக்கும். அதே நாள் சாயங்காலம் என் சிகிச்சை அறைக்கு வந்தால் இன்னொரு கூட்டத்தைப் பார்க்கலாம்... சைக்கிள் வாங்கி, இரண்டு மாதம் ஓட்டி, விட்டுவிட்டவர்கள்.

அப்படி ஒருவர் வந்தார். நாற்பத்தெட்டு வயது, பாங்க் உத்தியோகம், ஷுகர். மகன் ஆசையாக கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறான். “முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டாக்டர். சைக்கிள் ஓட்டினா எலும்பு தேஞ்சிடும்னு எல்லாரும் சொல்றாங்க. விட்டுட்டேன். நல்ல தைலமா ஒண்ணு குடுங்க” என்றார்.

“தைலம் இருக்கட்டும். நாளைக்கு சைக்கிளைக் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

மாடிப்படிக்குக் கீழே ஈரத்துண்டு காயப்போடும் கொடியாக இருந்த சைக்கிள் அது. வந்தது. நாடி பார்க்கவே வேண்டாம், வியாதி வெளியிலேயே தெரிந்தது. உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்றுகிற அளவுக்கு சீட்டை இறக்கி வைத்திருந்தார். பின் டயரைக் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போனது. செயின் துருப்பிடித்துக் காவி நிறம்.

நம்மில் பத்துக்கு எட்டுப் பேர் செய்கிற தப்பு இந்த சீட் விஷயம்தான். விழுந்துவிடுவோமோ என்ற பயம். சீட் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். முட்டிச் சில்லு பின்னால் அழுந்தும். ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் மிதி! வலிக்காமல் என்ன செய்யும்? சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள் அல்லவா? அப்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் உங்கள் அளவு. நிறுத்தும்போது சீட்டிலிருந்து இறங்கிக் காலை ஊன்றுங்கள். நாலு நாளில் பழகிவிடும்.

கனமான கியரில் போட்டு ‘ம்... ம்...’ என்று முக்கி மிதிப்பது வீரம் இல்லை. நிமிஷத்துக்கு எழுபது எண்பது சுற்று சுலபமாகச் சுற்றுகிற கியரே போதும்.

எங்கள் வைத்தியர்களிலேயே சிலர் ‘வாத உடம்புக்கு சைக்கிள் ஆகாது, ஆண்மை போய்விடும்’ என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அடியில் மரத்துப் போனால் சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சமமாக்கி, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து நின்று மிதியுங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால் ஹேண்டில்பாரில் உடம்பு பாரத்தைச் சாய்க்கிறீர்கள் என்று பொருள். இதற்கெல்லாம் லேகியம் தேடாதீர்கள், ஸ்பேனரைத் தேடுங்கள். அப்புறமும் மரத்துக்கொண்டே இருந்தால் வைத்தியரைப் பாருங்கள்.

மவுண்டன் பைக்கின் பிறந்த கதையே ரிப்பேர் கதைதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மரின் கவுண்டியில் பழைய தடி டயர் சைக்கிள்களை ஓட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கினார்கள் சில இளைஞர்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வருவதற்குள் பின்சக்கரத்து ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். திரும்பப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தச் சரிவுக்கு ‘ரீபேக்’, அதாவது திரும்ப அடைப்பது என்று பெயர் வந்தது. 1976 அக்டோபரில் அங்கே முதல் பந்தயம். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இந்த விளையாட்டு சேர்ந்துவிட்டது. ஓட்டியவர்களேதான் கையில் கிரீஸ் பூசிக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நமக்கு மலைச்சரிவு இல்லாவிட்டாலும் வாய்க்கால் கரை இருக்கிறது. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிற உய்யக்கொண்டான் இருக்கிறது. வாழைத் தோட்டத்து மண்பாதை இருக்கிறது. லாரியும் பஸ்ஸும் பறக்கிற கரூர் ரோட்டைவிட எனக்கு இதுதான் பிடித்தம். தடித்த டயர் இந்தக் குண்டுகுழிக்குத்தான். ரோட்டில் ஓட்டுவதுபோல் காற்றைக் கல்லாக அடிக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் குறைந்த அளவு, கூடிய அளவு அச்சிட்டிருக்கும். மண்பாதைக்குக் குறைந்த அளவை ஒட்டியும், தார் ரோட்டுக்குக் கொஞ்சம் கூட்டியும் வையுங்கள்.

எதிரி ஒன்று உண்டு. நெருஞ்சி முள்! நீர்க்கடுப்புக்கும் நீர்ச்சுருக்குக்கும் நாங்கள் குடிநீர் போட்டுக் கொடுக்கிற அதே நெருஞ்சில்தான். மேலைநாட்டு சைக்கிள்காரர்களுக்கும் இது பெரிய தலைவலி, ‘ஆட்டுத்தலை முள்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கரையிலிருந்து ரோட்டில் ஏறியதும் இறங்கி டயரைச் சுற்றிப் பாருங்கள். குத்தி நிற்பதை உடனே பிடுங்கினால் ட்யூப் தப்பிக்கலாம். ஒரு ட்யூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அது நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். மண்ணும் சேர்ந்தால் செயினையே அரைக்கிற அம்மிதான். பழைய துணியால் துடைத்து, மெல்லிய மெஷின் ஆயிலைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே மினுமினுப்பு வேண்டாம். அளவு டேப்பால் அளந்தும் பாருங்கள். இருபத்துநாலு கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரை நூல் கூடினால் செயினை மாற்றுங்கள். ஒரு நூல் கூடும்வரை விட்டால் பின்சக்கரத்துப் பற்களுக்கும் சேர்த்துச் செலவு.

வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள். ஹப்புக்குள் தண்ணீர் போய் கிரீஸ் கரைந்துவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்கிறீர்களா? எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் வெயிலில் அலையக்கூடாது, உடம்பை வருத்தக்கூடாது என்பது நம் முறை. ஆண்களுக்கு சனிக்கிழமை. அன்றைக்கு ஓட்ட வேண்டாம். முதலில் செயினுக்கு எண்ணெய், அப்புறம் உங்களுக்கு.

பெண்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளில்! கியர் சைக்கிளுக்கா தயங்குவீர்கள்?

ஷுகர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். சட்டைப்பையில் கடலை மிட்டாயோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். நெஞ்சுவலி, பாதத்தில் உணர்ச்சிக் குறைவு இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளைத் தொட வேண்டும்.

பாங்க்காரர் போன வாரம் வந்திருந்தார். முட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “கொல்லிமலைக்குப் போலாம்னு இருக்கோம் டாக்டர், எழுபது வளைவாமே!” என்றார் உற்சாகமாக.

ஏறுவது இருக்கட்டும், இறங்க வேண்டுமே! “முதல்ல பிரேக் கட்டையைக் காட்டுங்க” என்று வாசலுக்கு நடந்தேன்.